புயலுக்கு அசையாத கோடு

பெரியபட்டினத்தில் மாஷிதாவின் வீட்டு மாடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. காற்றின் அழுத்தத்தை அளந்து கீழே இருக்கும் லேப்டாப்புக்கு அனுப்புவது அதன் வேலை. அவளே செய்தது. திரையில் ஒரு கோடு எந்நேரமும் ஓடும். காலையில் சற்று ஏறும், பிற்பகலில் இறங்கும். தொலைவில் எங்காவது புயல் கடந்தால் லேசான பள்ளம் விழும். நேராகத் தலைக்கு மேலே ஒரு புயல் கடந்துபோனால் அந்தக் கோடு எப்படி இறங்கி எப்படி ஏறும் என்று அவளுக்குப் பார்க்க வேண்டும். கல்லூரி முடித்ததிலிருந்து அதற்காகக் காத்திருக்கிறாள்.

ஐப்பசியில் அந்த டப்பாவின் சிப் செத்துப்போனது. அது பூரானைப் போல இரண்டு பக்கமும் கால்கள் உள்ளது. மேலே ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். மூக்கில் ரப்பர் குழாயை மாட்டி வெளியே விட்டிருந்தாள். இனி அது வராது என்றார் கடைக்காரர். தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்களாம். இப்போது வருவதெல்லாம் போனுக்குள் வைப்பதற்கானவை. மெஷினே எடுத்து மெஷினே ஒட்டும்.

விடுமுறையில் வந்த கணவன் பர்வேஸ் சவூதியின் தம்மாமிலிருந்து புதிய சிப் இரண்டு வாங்கி வந்தான். பாதி உளுத்தம்பருப்பு அளவு. கால்கள் கிடையாது. அடியில் மினுங்கும் புள்ளிகள் மட்டும்.

“இதுக்கா புள்ள என்னைய கடை கடையா அலையவிட்டே? தும்முனா பறந்துரும்.”

“அப்ப தும்மாம இருங்க மச்சான்.”

பற்றவைக்கும் சால்டரிங் அயர்னின் முனையே சிப்பைவிடப் பெரிது. அதனால் போர்டில் சால்டர் பசையைத் தடவி, அதன்மேல் சிப்பை வைத்து, ஒதுக்கிப்போட்ட தோசைக்கல்லில் சூடாக்கினாள். மாமியார் நஃபீசா அடுப்படியில் எட்டிப் பார்த்தாள்.

“யா அல்லாஹ், இன்னைக்கு மத்தியானத்துக்கு இதுதானா?”

“ஒங்களுக்கு வேணாம் மாமி, செரிக்காது.”

முதல் சிப் கருகியது. இரண்டாவது ஒட்டிக்கொண்டது. கடைசியாக, எப்போதும்போல, போர்டு முழுக்க நெயில் பாலிஷ் பூசினாள். இந்தக் கரையில் பாலிஷ் பூசாத போர்டு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். சிப்பின் தலையிலும் ரோஸ் நிறத்தில் இரண்டு பூச்சு பூசினாள்.

கார்த்திகையில், டப்பாவை மறுபடி மாடியில் மாட்டிய மறுநாளே, புயல் ஊருக்கு நேராக வந்தது. வள்ளங்களைக் கரையேற்றிக் கட்டியிருந்தார்கள். மதியம் கரண்ட் போனது. லேப்டாப்பும் டப்பாவும் பேட்டரியில் ஓடின. வெளியே தென்னை மட்டைகள் விழுந்துகொண்டிருந்தன. திரையில் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது.

“ஊரே பயந்து கெடக்கு. ஒன் டப்பா மட்டும் அசையல” என்றான் பர்வேஸ். “ரொம்ப தைரியசாலி போல.”

“சும்மா இருங்க.”

அவன் தன் போனை நீட்டினான். அதில் காற்றழுத்தம் காட்டும் ஆப்பில் எண் இறங்கிக்கொண்டிருந்தது.

“இங்கன பாரு. இதுக்குள்ளயும் அதே சிப்புதான்னு நீதானே சொன்னே? இதையே பாத்துக்க.”

“அது ஒங்க போனு.”

“நானே ஒனக்குத்தான். போனு மட்டும் யாருக்காம்?”

அவள் சிரிக்கவில்லை. அதே சிப் அங்கே வேலை செய்கிறது. அதற்கு யாரும் பாலிஷ் பூசவில்லை.

மாடிக்கு ஓடிப்போய் நனைந்துகொண்டே டப்பாவைக் கழற்றி வந்தாள். லென்ஸ் வைத்துப் பார்த்தாள். சிப்பின் தகர மூடியில், ஒரு மூலையில், ஊசி குத்தியதுபோல ஒரு துளை. அதன்மேல் ரோஸ் நிறத் தோல். பழைய சிப்புக்கு மூக்கு இருந்தது. எவ்வளவு பூசினாலும் குழாய் வழியே காற்று போகும். இதற்கு அந்தத் துளைதான் மூக்கு.

“ரிமூவர் போட்டுக் கரைச்சு விடேன்” என்றான் பர்வேஸ்.

“கரைஞ்சது உள்ள போச்சுன்னா அவ்வளவுதான்.”

பிளேடின் முனையால் ஓரத்தைக் கிளப்பினாள். பர்வேஸ் டார்ச் பிடித்தான்.

“கைய ஆட்டாதீங்க மச்சான்.”

“நான் ஆடல. வீடு ஆடுது.”

வெகுநேரம் சுரண்டிய பிறகு பாலிஷ் வெங்காயச் சருகுபோல ஒரே துண்டாக உரிந்து வந்தது. அப்போதுதான் வெளியே சத்தம் அடங்கியிருப்பது தெரிந்தது.

“காத்து நின்னுருச்சு” என்று நஃபீசா கூடத்திலிருந்து சொன்னாள். “அல்ஹம்துலில்லாஹ், போயிருச்சு.”

“போகல மாமி. புயலோட நடுக்கண்ணுல இருக்கோம். இன்னொரு பாதி வரும்.”

மாடிக்குப் போக நேரமில்லை. டப்பாவை ஜன்னலில் வைத்து பேட்டரியை இணைத்தாள். நேராக ஓடிய கோடு ஒரே வெட்டாகத் திரையின் அடிக்கு விழுந்தது. அங்கே சற்று நேரம் கிடந்தது. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வந்து கதவில் மோதியது. கோடு ஏறத் தொடங்கியது.

“கெடைச்சிருச்சா?”

“ஏறுறது மட்டும். எறங்குனது இல்ல.”

“எறங்குனது என் போன்ல பதிஞ்சிருக்கு. எடுத்து ஒட்டிக்க. ரெண்டும் ஒரே புயல்தானே.”

அவள் போனை வாங்கி அந்தச் சரிவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. திருப்பிக் கொடுத்தாள்.

“வேணாம் மச்சான். வெட்டு அப்படியே இருக்கட்டும்.”

அவன் தோளைக் குலுக்கிவிட்டு, கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைக்கப் போனான். அவள் நாற்காலியை ஜன்னலருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கோடு மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.