செருப்போடு வரலாம்

"தாலுக்கா ஆபீசுக்கும் இந்த ரூமுக்கும் ஒரே மஞ்சள் சுண்ணாம்பு. கதவுக்கும் அதே பச்சை. நானே சொல்லி அடிக்க வெச்சேன்," என்றார் வீட்டுக்காரர் துரைராஜ், பெருமையாக.

நீலாவதிக்குப் புரியவில்லை. செஞ்சி தாலுக்கா ஆபீஸ் மதிலை ஒட்டிய அந்த அறையை வாடகைக்குப் பார்க்க வந்திருந்தாள். சர்க்காரிடம் காரியம் ஆக வேண்டியவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, அது மேஜை மேஜையாக நகரும் வரை பின்னாலேயே போகும் தொழிலை அங்கே தொடங்க நினைத்திருந்தாள். கூட்டாளி, ஓய்வு பெற்ற தலைமை குமாஸ்தா கோதண்டராமன். அவருக்கு விதிகள் தெரியும். அவளிடம் டைப்ரைட்டர் இருந்தது. இதை நம்பி, டைப் இன்ஸ்டிட்யூட் வேலையைப் போன வாரம்தான் விட்டிருந்தாள்.

"ஒரே மாதிரி இருந்தா இன்னா லாபம்?"

"இன்னாம்மா இப்படிக் கேக்கறே? கிராமத்து ஜனம் இதுதான் தாலுக்கா ஆபீஸ்னு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வரும். முன்னே இங்க இதே தொழில் பண்ண ஏஜென்ட் ஒரு போர்டு கூட மாட்டல."

"நல்ல இடம் நீலாவதி," என்றார் கோதண்டராமன்.

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் ஓர் ஆள் செருப்பைக் கழற்றினான். தோளில் கிடந்த துண்டு அக்குளுக்குப் போனது. சிங்கவரம் பச்சைமுத்து என்று பெயர் சொன்னான்.

"ஆபீசு தெறந்துட்டாங்களாம்மா? ஒரு மாசமா பூட்டிக் கெடந்துது. எங்க நைனா பேருல இருக்கற பட்டாவை என் பேருக்கு மாத்தச் சொல்லி தையில மனு குடுத்தேன். அது மாறினாத்தான் கெணத்துக்கு கரண்டு குடுப்பாங்களாம்."

"எங்க குடுத்தீங்க?"

"இங்கதான். ஆபீசரு இதோ இந்த எடத்துல ஒக்காந்திருந்தாரு."

இப்போது ஆடி முடியப் போகிறது.

"மனு வாங்கினதுக்கு அடையாளமா நகல்ல சீல் போட்டுக் குடுத்தாரா?"

"ரெண்டையும் அவரே வெச்சிக்கினாரு. ஆபீசர்கிட்ட போயி ஒண்ணைத் திருப்பிக் குடுன்னு கேக்கறது மரியாதையா?"

நீலாவதி பரணைப் பார்த்தாள். சணலால் கட்டிய காகித மூட்டை ஒன்று கிடந்தது.

"அதுவா? பழைய பேப்பர். பொட்டலம் கட்ட பஜாருல போடலாம்னு வெச்சிருக்கேன்," என்றார் துரைராஜ்.

அவள் நாற்காலி மேல் ஏறி மூட்டையை இறக்கிப் பிரித்தாள். துருப்பிடித்த குண்டூசிகள், ஒட்டிய ஸ்டாம்புகள். பனமலையிலிருந்து பென்ஷன் கேட்ட செந்தாமரையின் கைநாட்டு. மண்டகப்பட்டுக்காரர் ஒருவரின் ரேஷன் கார்டு மனு. எல்லாம் நகலோடு இருந்தன. ஒன்றில் கூட சீல் இல்லை. பழைய ஏஜென்ட் மதிலுக்கு அந்தப் பக்கம், தாலுக்கா ஆபீசில், ஒன்றைக் கூடக் கொடுக்கவில்லை. அவற்றில் ஒன்று, பச்சைமுத்துவினுடையது.

"இதிலயா பொட்டலம் மடிக்க இருந்தீங்க?"

"நான் வாடகைக்கு விட்டவன்மா. உள்ள நடந்ததுக்கு நானா ஜவாப்பு?"

"சுண்ணாம்பு அடிச்சது நீங்கதானே?"



நீலாவதி பச்சைமுத்துவை அழைத்துக்கொண்டு பக்கத்து வாசலுக்கு, நிஜமான தாலுக்கா ஆபீசுக்குப் போனாள். வரும் மனுக்களைப் பதிவு செய்யும் தபால் குமாஸ்தா மனுவை வாங்கி, நகலில் சீல் குத்திக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. பத்தே நிமிடம். அதற்காக ஒரு மனிதன் ஏழு மாதம், பூட்டிய கதவு முன்னால் கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறான்.

"இதை யாருக்கும் குடுத்துடாதீங்க. கேட்டா காட்டுங்க, போதும்," என்று நகலை அவனிடம் கொடுத்தாள்.

திரும்பி வந்ததும் கோதண்டராமன் மெல்ல ஆரம்பித்தார். "நாம அப்படியா செய்யப் போறோம்? நாம ஒழுங்கா இருந்தா, இடம் என்ன பண்ணும்?"

"செருப்பைக் கழட்டிட்டு வர்றவன் சீல் கேக்க மாட்டான் சார். இன்னிக்கு நாம ஒழுங்கு. நாளைக்கு? உங்களுக்கு இந்த இடம்தான்னா நீங்க தனியா நடத்துங்க. நான் பஸ் ஸ்டாண்டுல ஹுசைன் பாய் சைக்கிள் கடைக்குப் பக்கத்து ரூமை எடுக்கறேன்."

"அங்க டீ குடிக்கறவன்தான் வருவான்."

"இந்த மூட்டையில முப்பத்தெட்டு பேரு இருக்காங்க. அத்தினி பேரும் அங்கதான் பஸ்ஸை விட்டு எறங்கணும்."

கோதண்டராமன் பச்சைக் கதவைப் பார்த்தார். கீழே பிரிந்து கிடந்த மனுக்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, மூட்டையை மறுபடி கட்டித் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"வாடகைக்கு என்னம்மா சொல்றீங்க?" என்றார் துரைராஜ்.

"முதல்ல சுண்ணாம்பை மாத்துங்க."

திங்கட்கிழமை சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் போர்டு ஏறியது: "இது சர்க்கார் ஆபீஸ் அல்ல. செருப்போடு உள்ளே வரலாம்."

பனமலை பஸ் வந்து நின்றது. நீலாவதி மூட்டையில் மேலாக இருந்த மனுவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"கண்டக்டரே, உங்க பஸ்ல செந்தாமரைன்னு யாராச்சும் வந்திருக்காங்களா, கேளுங்க."