நூலிழை என்று ஒரு லென்ஸ்

நாங்கள் லென்ஸ் செய்கிறோம் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் மூக்குக்கண்ணாடி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். என் சித்தப்பா ஒருமுறை திருகு கழன்ற கண்ணாடியோடு நேரே பட்டறைக்கே வந்துவிட்டார். என் கணவர் திருகை முடுக்கிக் கொடுத்து அனுப்பினார். சித்தப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. நாங்கள் செய்யும் லென்ஸை வெளியாட்கள் யாரும் பார்த்ததே கிடையாது. பாட்டில் வாயில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் இயந்திரம், ஓடுகிற துணியில் ஓட்டை தேடும் இயந்திரம், இவற்றின் வயிற்றுக்குள் அது உட்கார்ந்திருக்கும். வெளியே வேறு யாருடைய பெயரோ கொட்டை எழுத்தில் இருக்கும்.

பட்டறைக்கு மூளை என் நாத்தனார். எந்த வகைக் கண்ணாடி, எவ்வளவு வளைவு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போடுவது அவர். அவருடைய தம்பி, அதாவது என் கணவர், லென்ஸ் உட்காரும் உலோகக் கூடுகளை லேத்தில் கடைவார். தேய்த்து மெருகேற்றுவது பாலிஷ் அண்ணனும் அவருடைய ஆட்களும். ஒட்டுவதும் கோப்பதும் தூசி படாமல் மூடுவதும் என் வேலை. நாத்தனாருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: நூலிழை. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் “ஒரு நூலிழை தள்ளியிருக்கு” என்று திருப்பி அனுப்பிவிடுவார். காதுபடவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

ஒருநாள் ஒரு போட்டோக்காரம்மா துணியில் சுற்றிய பழைய லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்று கால் மேல் நிற்கும் பெரிய மரக் கேமராவில், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் எடுப்பவர். அவர் போடும் பிலிம் ஒரு புத்தகப் பக்கம் அளவு இருக்கும். லென்ஸின் உள்ளே பசை பிரிந்து, மேகம் போலப் பரவியிருந்தது. ஓரத்தில் பூஞ்சை கண்ணாடியையே அரித்துவிட்டது. இது இனி தேறாது என்று நாத்தனார் சொன்னார். புதிதாக யாரும் செய்வதில்லையே என்றார் அந்த அம்மா. குறைப்பட்டுக்கொள்ளவில்லை, சும்மா சொன்னார்.

அவர் போன பிறகு நாத்தனார் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, “நாமளே பண்ணலாம்டா” என்றார்.

என் கணவர் வாய் ஓயாமல் எதிர்த்தார். இந்தக் காலத்தில் பிலிம் தாளில் படம் எடுக்கிறவர்கள் எத்தனை பேர், அவர்களை எங்கே போய்த் தேடுவது, பாட்டில்காரர்களுக்கு யார் பதில் சொல்வது என்று அடுக்கினார். நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆயிரம் பேர் வேண்டாம், கொஞ்சம் பேர் போதும் என்றார். அவர் கேட்ட வகைக் கண்ணாடியை ஒரே ஒரு தடவை உருக்கித் தருவதாகக் கண்ணாடி ஆலையும் ஒப்புக்கொண்டது. ஒரு கொப்பரையில் கிடைக்கும் கண்ணாடிக்கு எத்தனை லென்ஸ் தேறுமோ அத்தனைதான். அதற்கு மேல் ஒன்றுகூடச் செய்ய முடியாது. இணையத்தில் அறிவிப்புப் போட்டோம். நாங்கள் கேள்விப்பட்டே இராத ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் எழுதினார்கள். கண்ணாடி வந்து இறங்குவதற்கு முன்பே எல்லா லென்ஸுக்கும் ஆள் இருந்தது. அன்றைக்கு என் கணவர் வாயை மூடினார்.

உள்ளங்கையை அடைக்கும் பெரிய கண்ணாடிகள் அவை. நாங்கள் பழகியதெல்லாம் சட்டைப் பொத்தான் அளவு. பாலிஷ் அண்ணன் முதல் கண்ணாடியைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தார். வெளிச்சம் உள்ளே சிதறாமலிருக்க ஒவ்வொன்றின் விளிம்பிலும் கறுப்பு மை பூசுவேன். மூச்சை அடக்கிக்கொண்டு பூச வேண்டும். பூசி முடித்துத் தலை நிமிர்ந்தால் கழுத்து எனக்குச் சொந்தமில்லாதது போல இருக்கும்.

முன்வளையத்தில் என்ன பெயர் பொறிப்பது என்று பேச்சு வந்தது. எண்ணும் அளவும் போதும் என்றார் நாத்தனார். என் கணவர் அவரைக் கேட்காமலே ‘நூலிழை’ என்று பொறித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நாத்தனார் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எழுத்து ஒழுங்கா வந்திருக்கு” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கோத்து முடித்த முதல் லென்ஸைச் சோதனை மேசையில் பொருத்தினோம். கோடு கோடாக அச்சிட்ட அட்டையில் மூலைக்கோடு வரை கத்தி போலத் தெரிந்தது. நாத்தனார் சிரித்தார். அவர் பட்டறையில் சிரித்து நான் பார்த்தது குறைவு.

போட்டோக்காரம்மாவை வரவழைத்தோம். பட்டறைக்குப் பின்னால் ஒரு மரம் இருக்கிறது. அதற்கு முன்னால் எங்கள் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார். சில நாளில் அச்சுப்போட்டுக் கொண்டுவந்தார். என் கணவர் சட்டையில் ஒட்டியிருந்த உலோகச் சுருளைக்கூட எண்ணலாம். பாலிஷ் அண்ணன் காலையில் சவரம் செய்யாததும் தெரிந்தது. எல்லோரும் சந்தோஷத்தில் கத்திக்கொண்டிருந்தோம். அந்த அம்மா மட்டும் தயங்கினார்.

“முகமெல்லாம் நல்லா வந்திருக்கு. ஆனா பின்னாடி இருக்கிற மரம் முன்னாடி வந்து நிக்குதே.”

பார்த்தோம். உண்மைதான். மங்கிப் பின்வாங்க வேண்டிய இலை ஒவ்வொன்றுக்கும் இரண்டு விளிம்பு இருந்தது. கம்பியை வளைத்து வளைத்துப் போட்ட மாதிரி எங்கள் தலைக்குப் பின்னால் ஒரே உறுத்தல்.

“அளவெல்லாம் சரியா இருக்கு” என்றார் நாத்தனார்.

“அளவு சரிதான்மா. படத்தைப் பாருங்க.”

நாத்தனாருக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் கணக்கில் குற்றம் சொன்ன ஆள் அதுவரை இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. இலையை யார் பார்க்கப்போகிறார்கள், காத்திருக்கிறவர்களுக்கு அனுப்பிவிடலாம் என்று தம்பி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஆனால் அந்தப் படத்தை அடுப்படிச் சுவரில் ஒட்டியது நாத்தனார்தான். போகும்போதும் வரும்போதும் அதை முறைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

“நான் இத்தனை நாளும் மெஷினுக்குத்தானே லென்ஸ் போட்டேன்? மெஷின் பாக்குறது எல்லாம் தட்டையான சாமான். பாட்டில் வாய்க்குப் பின்னாடி என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. பின்னாடின்னு ஒண்ணு இருக்குன்னே நான் நெனைக்கல.”

சொல்லும்போது அவர் குரலில் தோற்றுப்போன சாயலே இல்லை. தேடியது கையில் கிடைத்துவிட்ட வேகம்தான் இருந்தது.

கண்ணாடி எல்லாம் தேய்த்து, லென்ஸெல்லாம் கோத்தும் முடிந்திருந்தது. வளைவை இனி மாற்ற முடியாது, புதுக் கண்ணாடியும் கிடைக்காது. மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று: உள்ளே இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி. அதைச் சற்று அகட்டினால் பின்னணி இளகும், ஆனால் லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து படம் எடுக்கும்போது கூர்மை கொஞ்சம் குறையும் என்றார். கூர்மையை விட்டுக்கொடுக்கலாம் என்று அந்த வாய் சொல்வதைக் கேட்டு என் கணவர் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

போட்டோக்காரம்மா தன் கேமராவை மரத்துக்கு எதிரே நட்டு வைத்தார். நான் மெல்லிய உலோகத் தகட்டை வளையங்களாக வெட்டி, ஒவ்வொன்றாகக் கண்ணாடிகளுக்கு நடுவில் சேர்த்தேன். சேர்த்து மூடி, கேமராவில் மாட்டி, பார்த்து, மறுபடி கழற்றி, தூசி துடைத்து, இன்னொன்று. ஒரு கட்டத்தில் நாத்தனார் என்னையே துணிக்குள் போய்ப் பார்க்கச் சொன்னார். பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் உலகம் தலைகீழாக இருந்தது. நடுவில் என் கணவர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நேரமாகிறது என்று முனகிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மரம் கரைந்து கிடந்தது. இலை என்று தெரிகிறது, ஆனால் ஒரு விளிம்பும் குத்தவில்லை. அதற்கு முன்னால் அவர் முகம், கழுத்து, காதோரத்து நரை எல்லாம் தொட்டுவிடலாம் போலத் தனியே நின்றன. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற முகம்தான். கொஞ்ச நேரம் துணியை விட்டு வெளியே வர எனக்கு மனம் வரவில்லை.

“அண்ணி, இதுதான். இதுக்கு மேல தொட வேணாம்” என்றேன்.

நாத்தனாரும் பார்த்தார். போட்டோக்காரம்மாவும் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் அந்தத் தகடுகளின் கனத்தை அளந்துகொண்டு லேத்துக்குப் போய்விட்டார். ஒவ்வொரு லென்ஸையும் பிரித்து, அவர் புதிதாகக் கடைந்த வளையத்தைப் போட்டு, மறுபடி கோத்தோம். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. பாலிஷ் அண்ணன் தன் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்தார்.

லென்ஸெல்லாம் பெட்டியில் ஏறிப் போய்ச் சேர்ந்தன. பிறகு ஊர் ஊராகப் படங்கள் வரத் தொடங்கின. பனி மூடிய ரயில் பாதை, குளியல் தொட்டியில் ஒரு குழந்தை, காலி நாடக அரங்கு. இன்னும் செய்வீர்களா என்று கேட்டவர்களுக்கு, அந்தக் கண்ணாடி தீர்ந்துவிட்டது என்று எழுதினோம். அப்படி எழுதும்போது என் கணவருக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும்.

அந்த வருடக் கடைசியில் போட்டோக்காரம்மா ஒரு கண்காட்சி வைத்தார். நாங்கள் மூவரும் போனோம். கூடத்தின் நடுச்சுவரில் எங்கள் லென்ஸால் எடுத்த ஆளுயரப் படம் ஒன்று. தெரு பெருக்கும் பெண் ஒருத்தி விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் தெரு முழுவதும் இளகிப் போகிறது. அவள் விரல் நகத்தில் இருந்த அழுக்கு வரை தெரிந்தது, ஆனாலும் படம் அழகாக இருந்தது. மக்கள் கிட்டே போவதும் பின்வாங்குவதும் மறுபடி கிட்டே போவதுமாக இருந்தார்கள். வயதான ஒருவர் தன் மனைவியிடம், இந்த மாதிரி லென்ஸெல்லாம் இப்போது யார் செய்கிறார்கள் என்று கேட்டார்.

என் நாத்தனார் அறியாதவர்களோடு ஒரு வார்த்தை பேசுகிறவர் இல்லை. கடையில்கூடச் சாமானை விரலால்தான் காட்டுவார். அவர் நேராக அந்தப் பெரியவர் முன்னால் போய் நின்றார்.

“கணக்குப் போட்டது நான். இவன் என் தம்பி, கூடு கடைஞ்சான். இவ என் தம்பி பொண்டாட்டி, ஒட்டிக் கோத்ததெல்லாம் இவ. மெருகு போட்டவர் இன்னிக்கு வரல, வெளியூர் போயிருக்கார்.”

பெரியவர் எங்கள் மூவரையும் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு மறுபடி எங்களைப் பார்த்துக் கையை நீட்டினார். முதலில் நாத்தனாரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு என் கணவரிடம் வந்தார், கடைசியில் என் கையையும் பிடித்தார். மை பூசிப் பூசி என் விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். அன்றைக்கு நான் அதை மறைக்கவில்லை.