காவல் முறை

ரேடியோ வந்து இறங்கிவிட்டால் மேஜரின் குரலே மாறிவிடும். மற்ற நாட்களில் அந்தக் குரலைக் கேட்பதற்குக் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நிற்க வேண்டும். 'ம்', 'சரி', 'பாக்கலாம்' என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டே மனிதர் இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டார் என்று அவர் மனைவி தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ரேடியோ என்பது ஆளின் பெயர்தான். போரில் மேஜருக்குப் பக்கத்திலேயே ரேடியோவைச் சுமந்துகொண்டு திரிந்தவர். குண்டு வெடித்ததில் இடது காது போயிற்று, வலது கால் முட்டிக்குக் கீழே போயிற்று. செயற்கைக் காலைச் சரிபார்க்க வருஷத்துக்கு ஒருமுறை ராணுவ ஆஸ்பத்திரிக்கு வருவார். வந்தால் தங்குவது இந்த வீட்டில்தான்.

இந்த வருஷம் அவர் வந்த அன்று காலை நாத்தனார் போனில் கேட்டாள். "என்ன அண்ணி, உங்க சக்களத்தி வந்தாச்சா?"

அவளும் சேர்ந்து சிரித்தாள். போனை வைத்த பிறகு, ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்து மறுபடியும் தேய்த்தாள்.

அவள் வேலை செய்வது காது சோதிக்கும் இடத்தில். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வாள். எவ்வளவு மெல்லிய ஒலி யாருக்கு எட்டுகிறது என்று அளந்து சொல்வதில் அவளுக்கு நல்ல பெயர். வீட்டிலும் கண்ணாடிக்கு வெளிப்பக்கமே நின்றுவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றும்.

கல்யாணத்துக்கு முன்பே அவர் பதக்கம் வாங்கிவிட்டார். உடைந்த பாலத்தை ஒரு கைப்பிடி ஆட்களோடு விடியும்வரை விடாமல் காத்தது, தோளில் குண்டு பாய்ந்த பிறகும் திறந்த ஆற்றுப்படுகையில் மூன்று தடவை ஊர்ந்துபோய் அடிபட்ட மூன்று பேரை இழுத்து வந்தது, எல்லாம் பேப்பரில் வந்தது. ஊரே படித்தது, அவளும் படித்தாள். படித்துவிட்டுத்தான் கழுத்தை நீட்டினாள். தனக்கென்று ஒருநாள் அவர் வாயாலேயே சொல்வார், பேப்பரில் வராத ஏதோ ஒன்று அதில் இருக்கும், அது தனக்கு மட்டும் சொந்தமாகும் என்று புதுப்பெண் நினைத்தாள். கேட்டுப் பார்த்தாள். "அதான் பேப்பர்ல வந்துச்சே" என்றார். அத்தோடு சரி.

ரேடியோவிடம் மட்டும் வாய் ஓயாது. அதுவும் சத்தமாக. அவருக்கு ஒரு காதுதானே. துணி உலர்த்தும் சாக்கில் அவள் பால்கனிப் பக்கம் போனால், ஆண்கள் இருவரும் நனைந்த காலுறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். யாருடைய காலுறை யாருடையதைவிட நாறியது என்பதுதான் வழக்கு. அதற்கு அப்படி ஒரு சிரிப்பு. வீரக்கதையாக இருந்தாலாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். காலுறையில்கூடத் தனக்குப் பங்கில்லையா?

மறுநாள் சாயங்காலம் ஒரு பள்ளிக்கூடத்தில் மேஜருக்குப் பாராட்டு விழா. மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்திருந்தார். நேரம் ஆகிவிட்டது. அவள் வழக்கம்போல டம்ளரையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு படுக்கையறை வாசலுக்குப் போனாள். அவரைத் தொட்டு எழுப்பக் கூடாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை தோளைத் தொட்டாள். விழிப்பதற்கு முன்பே அவர் கை அவள் கழுத்தைப் பிடித்துவிட்டது. பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று முதல் வாசலில் நின்று டம்ளரைத் தட்டுவதுதான். அப்போதும் தூக்கிவாரிப்போட்டு எழுந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு, அவளை யாரோ மாதிரிப் பார்த்துவிட்டுத்தான் தன்நிலைக்கு வருவார்.

"இருங்க மேடம்" என்றார் ரேடியோ.

நொண்டி நொண்டிப் போய்க் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். மேஜரின் கால் கட்டைவிரலை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அழுத்தினார். அவ்வளவுதான். மேஜர் கண்ணைத் திறக்காமலே, "என் முறையா?" என்றார்.

"ஆமா சார், உங்க முறைதான்."

மேஜர் கண்ணைத் திறந்தார். திறக்கும்போதே சிரிப்பு இருந்தது. குழந்தை விழிப்பதைப் போல விழித்தார். கையில் டம்ளரும் கரண்டியுமாக அவள் வாசலில் நின்றாள்.

சமையலறைக்கு வந்த ரேடியோவிடம் அது என்ன வித்தை என்று கேட்டாள். குரலை இயல்பாக வைத்துக்கொள்ளப் பாடுபட வேண்டியிருந்தது.

"வித்தையெல்லாம் இல்ல மேடம். பதுங்குகுழியில தோளைத் தொட்டா ஆளு அலறிருவான். அலறினா எதிரிக்குக் கேட்ரும். கால் விரலைப் பிடிச்சா நம்ம ஆளுன்னு அர்த்தம். காவலுக்கு உன் முறை, எந்திரின்னு அர்த்தம்."

"இத்தனை வருஷமா என்கிட்ட நீங்க சொல்லலையே."

ரேடியோ நல்ல காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, வெட்கப்பட்டவர் போலத் தலையைச் சொறிந்தார். "சார் சொல்லியிருப்பார்னு நெனச்சேன்."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தியது என்னவோ குத்திவிட்டது. அவள் அறைக்குத் திரும்பியபோது மேஜர் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். பதக்கத்தை எப்போதும் அவள்தான் குத்திவிடுவாள். அன்று அவளுக்கு முன்பே சமையலறையிலிருந்து போய் ரேடியோ குத்திவிட்டிருந்தார். கோணலாகக் குத்தியிருந்தால் திருத்தியிருக்கலாம். நேராகவே இருந்தது.

விழாவில் தலைமையாசிரியை பாலத்தையும் ஆற்றையும் பற்றி முழங்கினார். மேஜர் வழக்கமான இரண்டு வரியைச் சொன்னார். பிறகு ஒரு மாணவி எழுந்து, உங்களுக்குப் பயமாக இருந்ததா என்று கேட்டாள். "இருந்தது" என்றார் மேஜர். சொல்லிவிட்டுக் கூட்டத்தில் யாரையோ தேடினார். முதல் வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த அவளைத் தாண்டிப் போன அந்தப் பார்வை கடைசி வரிசையில் ரேடியோவிடம் போய் நின்றது.

ஒரு பெண்ணாக இருந்திருந்தால் சண்டை போடலாம், அழலாம், பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டலாம். ஒற்றைக் காலோடு வந்து, போகும்போது சொட்டும் குழாயையும் பழுது பார்த்துவிட்டுப் போகிற மனிதரிடம் எதைச் சொல்லிச் சண்டை பிடிப்பது?

அடுத்த நாள் மதியம் ரேடியோ ஊருக்குக் கிளம்ப வேண்டும். ஸ்டேஷனுக்கு நானே கொண்டுவிடுகிறேன், ஆட்டோ வந்ததும் எழுப்பு என்று சொல்லிவிட்டு மேஜர் படுத்திருந்தார். ஆட்டோ வந்து கீழே ஹாரன் அடித்தது. ரேடியோ உள்ளே பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அவள் டம்ளரை எடுக்கவில்லை. கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். கழுத்துத் தானாகவே பின்னுக்கு இழுத்துக்கொண்டது. கட்டைவிரலைப் பிடித்து மெல்ல அழுத்தினாள்.

அவர் துள்ளவில்லை. மூச்சு மட்டும் ஒருமுறை மாறியது.

"என் முறையா?"

'ஆமா' என்பதுதான் பதில். அவளுக்குத் தெரியும். சொன்னால் கண்ணைத் திறப்பார், சிரிப்பார், சட்டையை மாட்டிக்கொண்டு அந்த ஆளோடு கிளம்பிவிடுவார்.

"இல்ல" என்றாள். "என் முறை. நீங்க தூங்குங்க."

அவர் உதடு அசைந்தது. அவள் குனிந்தாள். கண்ணாடி அறையில் மிக மெல்லிய ஒலிக்காகக் கையைத் தூக்குகிறவர்கள் எப்படி மூச்சைப் பிடித்துக்கொள்வார்களோ, அப்படிப் பிடித்துக்கொண்டாள்.

"ரேடியோவ இழுக்கறப்ப சத்தமே இல்ல. செத்துட்டான்னு நெனச்சேன். செத்தவனத்தான் இழுத்துட்டு வர்றேன்னு நெனச்சேன்." பிறகு இன்னும் சன்னமாக, "உள்ள வந்துட்டானா?"

இது பேப்பரில் வரவில்லை. இத்தனை வருஷம் அவள் கேட்டுக் காத்திருந்தது வந்தே விட்டது. அதிலும் அந்த ஆள்தான் இருந்தார்.

நிமிர்ந்தாள். வாசலில் ரேடியோ பையோடு நின்றார். அவர் பார்வை அவள் கையிலும் கைக்குள் இருந்த விரலிலும் இருந்தது. மேஜர் சொன்னது எதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. அது அவளுக்குத் தொழில் தெரிந்த கணக்கு.

"வந்துட்டார்" என்றாள் கணவரிடம். "பத்திரமா இருக்கார்."

அவர் கால் தளர்ந்து அவள் மடியில் சாய்ந்து கனத்தது. மேஜர் ஆழ்ந்து தூங்கிவிட்டார்.

அவள் ரேடியோவைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். அவர் ஒரு கணம் தயங்கினார். சொல்லிக்கொள்ளாமல் அவர் இதுவரை போனதில்லை. தலையை ஆட்டிவிட்டு, செயற்கைக் கால் தரையில் தட்டாமல் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்து நடந்தார். கீழே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

அநியாயம் என்று தெரிந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. விழித்ததும், ஏன் எழுப்பவில்லை என்று கேட்பார். எழுப்பினேன், நீங்கள்தான் தூங்கிவிட்டீர்கள் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லையே.