இரு வீட்டுச் சோறு

மழை ஓய்ந்தும் முகில் கலையாத மாலைப் பொழுதில், சாம்பல் நிற வானம் கூரைகளின்மேல் தாழ்ந்து கவிந்திருக்க, தெருவோரத்து நீர்த்தேக்கங்களில் விளக்கொளி நடுங்கிச் சிதற, பட்டறைக் கதவுகள் இரும்போசையோடு அடைபட, வேலை முடித்த மாந்தர் குடையை மடக்கிக்கொண்டு குனிந்த தலையோடு வீடு திரும்பும் அந்நகரை உயர நின்று நோக்குவார்க்கு, கூரைதோறும் ஒரு புகைக்கோடு மெல்ல எழுவது தெரியும். அவற்றுள் இரண்டு ஒரே மனிதனுக்காக எழுந்தன. மேலைத் தெருவில் அவன் தாய் உலை வைத்தாள். கீழைத் தெருவில் அவன் மனைவி உலை வைத்தாள். இரண்டு அடுப்புகளுக்கும் இடையே முந்நூறடித் தொலைவும் ஈராண்டுப் பேசாமையும் கிடந்தன.

மனைவி, ஆயுள்வேத மருந்துச்சாலை ஒன்றில் பொடி சலிப்பவள். இடித்த சுக்கும் மிளகும் திப்பிலியும் அவள் கையிலிருக்கும் மெல்லிய துணிவழியே புகைபோல் இறங்கும். இறங்காத திப்பி மீண்டும் உரலுக்குப் போகும். காலை முதல் மாலைவரை மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பவளுக்கு, அடுத்த அறையில் மருத்துவர் நோயாளிகளிடம் பேசுவது தெளிவாகக் கேட்கும். வயிற்றில் எரியும் தீயே உடலுக்கு முதல் என்றும், அது மங்கினால் உண்டது நஞ்சாகும் என்றும், வாதம், பித்தம், கபம் எனப்படும் வளியும் அழலும் ஐயமும் அதனாலேயே நிலை பிறழும் என்றும் அவள் பதினோராண்டாகக் கேட்டிருந்தாள். ஆனால் மருத்துவர் நாடி பார்க்கும்போது பேசுவதில்லை; ஆகையால் அந்தப் பகுதி மட்டும் அவள் காதுக்கு எட்டவில்லை.

அவ்வேலையே குடும்பம் பிரியவும் காரணமாயிற்று. எத்தனை முறை கழுவினாலும் அவள் விரலிடுக்கிலிருந்து மருந்து மணம் போகாது. ஒருநாள் மாமியார், "உன் கை பட்டா பால்கூடக் கசாயமாயிடுது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்று வந்திருந்த விருந்தினர் நால்வரும் உடன் சிரித்ததுதான் மருமகளுக்குப் பொறுக்கவில்லை. சொல்லுக்குச் சொல் வளர்ந்து, அம்மாதமே மாமியார் மேலைத் தெருவில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

இடையில் நின்றவன் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. எவ்வளவு சிக்கிய பூட்டையும் உடைக்காமல் திறப்பவன் எனப் பெயரெடுத்தவன். வீட்டில் மட்டும் வாய் திறக்கத் தெரியாதவன். பட்டறையிலிருந்து நேரே தாயின் அறைக்குப் போவான். அவள் வட்டிலை நிறைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். மறுக்க மனமின்றி உண்பான். கை கழுவி வாய் கொப்பளித்து, தெருவை இருமுறை சுற்றிவிட்டுக் கீழைத் தெருவுக்கு வருவான். அங்கே மனைவி இலையின் முன் காத்திருப்பாள். மறுத்தால் ஏன் என்று கேட்பாள் என்பதால் மீண்டும் உண்பான். அங்கே உண்டது இங்கே தெரியாது. இங்கே உண்பது அங்கே தெரியாது. இருவர் மனமும் நிறைந்திருக்கிறதென எண்ணி, நடுவில் தன் வயிற்றை வைத்தான்.

இரண்டாம் ஆண்டில் அவன் நாக்கில் வெள்ளை படிந்தது, விடியலிலேயே புளித்த ஏப்பம் எழுந்தது, மூட்டுகள் கனத்தன. மனைவி கண்டாள்; தீ மங்கிவிட்டதென்று முடிவு கட்டினாள். சலித்த பொடியிலிருந்து ஒரு சிட்டிகையை வெந்நீரில் கலந்து கொடுத்தாள். கேட்டபோதெல்லாம் அவன் "பரவாயில்ல" என்றான். பரவாயில்லை என்பவனுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் முழுதும் சரியாகும் என்று சிட்டிகையை அரைக்கரண்டியாக்கினாள், பின்னர்க் கரண்டியாக்கினாள். நெஞ்சு எரிய எரிய விழுங்கினானேயன்றி, எரிகிறதென ஒருநாளும் சொல்லவில்லை. அவள் தன் கையால் சலித்ததாயிற்றே.

ஒருநாள் முற்பகல் பட்டறையில் கவிழ்ந்து உமிழ்ந்தான். உமிழ்ந்ததில் குருதி இழையோடியிருந்தது. உடன் வேலை செய்தவர்கள் அவனைத் தூக்கி வந்து மருந்துச்சாலைக் கட்டிலில் கிடத்தினர். சலிக்கும் துணியை எறிந்துவிட்டு மனைவி ஓடிவந்தாள். செய்தி கேட்டுத் தாயும் மூச்சிரைக்க வந்தாள். கட்டிலின் இருபுறமும் இருவரும் நின்றனர். ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கவில்லை.

நெடுநேரம் நாடியைப் பற்றியிருந்த மருத்துவர், தலை நிமிராமலே, "நேத்து சாயங்காலம் என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டார்.

"கீரையும் சோறும்" என்றாள் மனைவி. "மீனும் சோறும்" என்றாள் தாய். இரு விடையும் ஒரே நேரத்தில் வந்தன.

கட்டிலில் கிடந்தவன் கண்களை மூடிக்கொண்டான். குற்றம் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தையின் முகம்போல் இருந்தது அவன் முகம்.

மருத்துவர் சினக்கவில்லை. முன் உண்டது செரியுமுன் பின்னும் உண்பது, எரியும் அடுப்பில் ஈர விறகைத் திணிப்பதற்கு ஒப்பாகும் என்றும், தீ அணைவது விறகின்மையால் மட்டுமன்று, மிகுதியாலும்தான் என்றும், பாதி வெந்தது உடலெங்கும் நஞ்சாய்ப் பரவியதென்றும் விளக்கினார். மனைவியின் பக்கம் திரும்பி, காரப்பொடி அத்தீயை மூட்டவில்லை, குடலைத்தான் சுட்டது என்றார். குருதி நிற்கும்வரை எதுவும் உண்ணலாகாது. பிறகு சில நாள் தெளிந்த கஞ்சி. பசி எடுத்தால் மட்டும் சோறு. "இனிமே ஒரு வீட்டு அடுப்புதான். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

பேசுவதற்கு அவர்களிடம் பழக்கமில்லை. தாய் மகனின் காலைப் போர்வையால் மூடினாள். "அவளே போடட்டும். அவளுக்கு மருந்து தெரியும்" என்றாள். அச்சொல்லில் குத்தல் இருக்கிறதா எனத் தேடிய மருமகள் அங்கே எதையும் காணவில்லை. ஆயினும் தன் நெஞ்சின் ஓரத்தில் வென்றுவிட்டோம் என்றொரு களிப்பு தோன்றியதை அவள் உணர்ந்தாள். உணர்ந்து, அதை அடக்கவும் இல்லை.

நாற்பது நாளில் நாக்கு சிவந்தது, ஏப்பம் அடங்கியது, உடல் இலேசாயிற்று. ஒருநாள் அவன் தானே வந்து, "சோறாயிடுச்சா?" என்று கேட்டபோது அவள் அடுப்படியில் நின்று அழுதாள். தாயின் அறைக்கு அவன் போவது நிற்கவில்லை. அங்கே வெந்நீர் மட்டும் அருந்திவிட்டு, தானும் உண்டாயிற்று எனப் போர்வைக்குள்ளிருந்து தாய் சொல்வதை நம்பி, பசியோடு நேரம் தவறாமல் வீடு வந்தான்.

குளிர்காலம் கழிந்தபின், மாமியார் அறைக்கு அடுத்த அறைத் தையற்காரி பொடி வாங்க வந்தவள், பேச்சோடு பேச்சாக, பக்கத்து அறையில் உலை கொதித்து மூன்று மாதமாகிறது என்றாள். கேட்டால் ஒருத்திக்காக எதற்கு என்கிறாளாம். மருமகளின் கை துணியின்மேல் நின்றது. அன்றே போக எண்ணினாள். கூப்பிடாமல் எப்படிப் போவதென்று ஒரு நாளும், என்ன சொல்லித் தொடங்குவதென்று ஒரு நாளுமாகப் பதினாறு நாள் கழிந்தன.

பதினேழாம் நாள் கஞ்சியோடு போனாள். கதவைத் திறந்தவள் பாதியாய்க் குறைந்திருந்தாள். தோள் எலும்பின்மேல் துணி தொங்கியது. வா என்று பாய் விரித்தாள். மருமகள் ஊற்றிக் கொடுத்ததை இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"கசக்குதா அத்தை?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு. பசிதான் போயிடுச்சு. என்னோடதும் சேர்த்து அவனுக்கு வந்துடுச்சுபோல. இருக்கட்டும்."

மருத்துவர் வந்து பார்த்தார். நாடியை விட்டபின், வெளியே வந்து, இந்த வயதில் அணைந்ததைப் பொடியால் மூட்ட இயலாதென்றார். ஆயினும் மருமகள் சலித்த பொடியைச் சிட்டிகையினும் குறைவாகத் தேனில் குழைத்து, மகனும் மருமகளும் மாறி மாறி ஊட்டினர். நன்றாயிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் தாய் சொன்னாள். அடுத்த மழை தொடங்குமுன் அவள் மறைந்தாள்.

மருத்துவர் சொன்னது சரி. மருமகள் செய்ததும் சரி. மகன் உயிர் பிழைத்ததும் அதனாலேதான். ஆயினும், உண்ண ஒருவர் வருவார் என்னும் நம்பிக்கையையே விறகாய்க் கொண்டு எரியும் வயிறுகளும் உலகில் உண்டு. அவற்றின் நாடியைப் பார்க்க உரிய காலத்தில் எவரும் அழைக்கப்படுவதில்லை. அவை புகைவதில்லை, புளிப்பதில்லை, ஓர் ஓசையும் எழுப்புவதில்லை. அருகில் இருப்பவர் நாளை போகலாம், நாளை கேட்கலாம் என்று நாளெண்ணிக்கொண்டிருக்கையில், தாமே மெல்லத் தணிந்து போகின்றன.