நான்காவது ஓட்டை

முதல் மூன்று ஓட்டைகளும் நகக்கண் அளவுக்குக்கூட இறங்கவில்லை. நான்காவது மட்டும் வாழைப்பழத்தில் ஊசி ஏறுவதுபோல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மூக்குக்கண்ணாடிக்காரன் அதைத் தன் கைத்திறமை என்று நினைத்தான். டிரில்லை வெளியே இழுத்து, குளியலறைக் கதவருகே நின்ற மனைவியைப் பார்த்து, “பாத்தியா!” என்றான். அதே நேரத்தில் மேல்வீட்டில் யாரோ காலைக் கடனை முடித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்.

சுவர் அவன் முகத்தில் துப்பியது.

என்ன நிறம், எவ்வளவு கெட்டி என்பதையெல்லாம் விவரித்தால் படிப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிவைக்க வேண்டிவரும். வாய் திறந்திருந்தது என்பதை மட்டும் சொல்லிவிடலாம். ‘பாத்தியா’வின் கடைசி எழுத்து இன்னும் முடிந்திருக்கவில்லை.

குழாய்க்காரர் வந்துசேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவன் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நின்றான். மனைவி மேல்வீட்டுக்கு ஓடிப்போய் யாரும் தண்ணீர் திறக்காமல் காவல் நின்றாள்.

“யாரு சார் இந்த ஓட்டை போட்டது?” என்றார் குழாய்க்காரர், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டே.

“நான்தான்.”

“கழிவுக் குழாய்க்கு நட்டநடுவுல போட்டிருக்கீங்க. இருபது வருஷமா இதே வேலையா இருக்கேன், எனக்கே குழாய் எங்க ஓடுதுன்னு தேடணும்.”

“முதல் மூணும் இறங்கவே இல்லைங்க. இது மட்டும் சட்டுனு போச்சு.”

“சட்டுனு போச்சுன்னா அது சுவரு இல்ல சார்.” அவர் தரையில் கிடந்த டிரில்லைக் காலால் புரட்டினார். “இதுலயா போட்டீங்க? நான் ஏதோ மிக்ஸின்னு நினைச்சேன். இது மரத்துக்கும் தகரத்துக்கும் ஆகும். காங்கிரீட்டுக்கு ரோட்டரி ஹேமர்னு ஒண்ணு இருக்கு. சுத்திக்கிட்டே உள்ளுக்குள்ள சுத்தியல் மாதிரி அடிக்கும்.”

“அதுல எது வாங்கலாம்?”

“அது உங்க வசதியைப் பொறுத்தது சார்.”

அந்த வாக்கியத்தை அடுத்த மூன்று நாட்களில் எத்தனை வாய்கள் சொல்லப்போகின்றன என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

நாலு ஓட்டைக்கு ஆள் கூப்பிடுவதா என்று அவன்தான் மார்தட்டியிருந்தான். தொழில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பது. காலையிலிருந்து மாலைவரை ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்பான். ‘ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு’ என்பார்கள் வருகிறவர்கள். நேரான பதில் கிடைக்காத பிழைப்பு அவனுக்குப் பழகியதுதான். ஆனால் இது கண் விஷயம் இல்லை, மாமியார் விஷயம்.

மூன்று மாதங்களுக்கு முன் அத்தை இவர்களோடு வந்து இருக்கத் தொடங்கினார். இரண்டு வாரங்களுக்கு முன் குளியலறையிலேயே இருக்கும் கழிப்பறைப் பீங்கானிலிருந்து எழுந்திருக்கும்போது சறுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது, முழங்கை மட்டும் நீலம் பாரித்தது. “பிடிச்சு எழுந்துக்க ஒரு கைப்பிடி போடுங்க. அடுத்த தடவை விழுந்தா இடுப்புதான்” என்றார் டாக்டர். கைப்பிடி அன்றைக்கே வாங்கியாயிற்று. பளபளவென்று சாப்பாட்டு மேசை மேல் படுத்துக்கிடந்தது.

விழுந்த நாளிலிருந்து அத்தை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். குடித்தால்தானே போகவேண்டும். “தண்ணி குடிச்சீங்களா அத்தை?” என்றால், “ஆச்சு மாப்பிள்ளை” என்பார். டம்ளர் காலியாகத்தான் இருக்கும். ஜன்னலோரத்துத் தொட்டிச்செடி மட்டும் கண்டபடி செழித்துக்கொண்டே போனது. போன வாரம் சிறுநீரில் கிருமி என்று மாத்திரை வந்தது. உதடு வெடித்திருந்தது. இப்போது அவர் எழுந்திருக்கப் பிடித்துக்கொள்வது எட்டத்திலிருக்கும் வாஷ்பேசினை. அதுவும் ஒரு விரல் அளவு சுவரை விட்டு விலகி, இன்றோ நாளையோ என்று தொங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்காரன் மூன்று முறை குளித்தான். நாற்றம் தோலில் இல்லை, மூக்குக்குள் குடிவந்துவிட்டது. தட்டில் எது பழுப்பாக இருந்தாலும் எழுந்துபோனான். பல் தேய்த்துத் தேய்த்து ஈறில் ரத்தம் வந்தது. கடையில் ஒரு பெண்மணியின் கண்ணுக்கு நேரே குனிந்தபோது அவர் நாற்றத்தால் மூக்கைச் சுளித்தாரா, சும்மா சுளித்தாரா என்று நாள் முழுக்க அதே நினைப்பு.

இரவல் வாங்கலாம் என்றால் தெரிந்தவர்கள் யாரிடமும் அந்த மெஷின் இல்லை. சரி, வாங்கிவிடுவோம் என்று இணையத்தில் தேடினான். கைக்கு அடங்கும் விலையில் நாற்பது மெஷின்கள், நாற்பதுக்கும் நாலரை நட்சத்திரம். ‘அருமையான பொருள். இன்னும் பிரிக்கவில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘தம்பிக்குப் பரிசாகக் கொடுத்தேன். தம்பி எதுவும் சொல்லவில்லை’ என்று இன்னொருவர், ஐந்து நட்சத்திரத்தோடு. பல்சக்கரம் நொறுங்கிப்போன படத்தைப் போட்டு மூன்றாமவர் அழுதிருந்தார். அதற்கு விற்றவர்களின் பதில்: ‘உங்கள் இனிய அனுபவத்தைப் பகிர்ந்ததற்கு நன்றி.’ ஒரு வீடியோவில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் சும்மா நிறுத்திவைத்த கல்லில் ஓட்டை போட்டுவிட்டுச் சிரித்தான். அந்தக் கல்லுக்குப் பின்னால் ஒரு கழிவுக் குழாய் ஓடக்கூடாதா என்று கண்ணாடிக்காரன் மனதாரச் சபித்தான்.

கடைக்கே நேரில் போனான். குளிர்பதனம், வாசனைத் தெளிப்பு, வழவழப்பான தரை. விற்பனைக்காரரின் சிரிப்பும் அதே வழவழப்பு. பெட்டிமேல் ‘1500 வாட்’ என்று உள்ளங்கை அகலத்துக்கு ஸ்டிக்கர்.

“வாட் அதிகமா இருந்தா நல்லதா?”

“அதிகம்னா அதிகம்தானே சார்.”

“வீட்டு வேலைக்கு இது போதுமா, இல்ல அதைவிடச் சின்னதே போதுமா?”

“உங்க யூஸைப் பொறுத்தது சார்.”

ஸ்டிக்கரின் ஒரு முனை உரிந்திருந்தது. நகத்தால் கொஞ்சம் கிளப்பினான். அடியில் அச்சடித்திருந்த எண் 800. விற்பனைக்காரர் சிரிப்பு மாறாமல் அவன் கையிலிருந்து பெட்டியை வாங்கி, முனையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு அலமாரியில் வைத்தார். கட்டைவிரலால் அடைக்கும் வித்தை அவருக்கும் தெரிந்திருந்தது. குழாயிலிருந்து வந்ததாவது தான் இன்னதென்று மறைக்கவில்லை.

மச்சானுக்குப் போன் செய்தான். மனைவியின் தம்பி, கட்டடக் கம்பெனியில் மேலாளர். விழுந்தது அவனைப் பெற்ற அம்மா.

“மலிவா வாங்குனா நீங்க அழுவீங்க மச்சான். விலையா வாங்குனா அக்கா அழுவா.”

“அப்ப நான் எதைத்தான் வாங்க?”

“அதைத்தான் நல்லா யோசிக்கணும். அம்மாவைக் கேட்டேன்னு சொல்லுங்க, மீட்டிங் இருக்கு.”

சொன்னான். “பாவம், அவனுக்கு எவ்வளவு வேலை” என்றார் அத்தை, வெடித்த உதட்டால். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று பார்த்தால், மச்சான், விற்பனைக்காரர், வெள்ளைச் சட்டை, எல்லாரையும் தாண்டிக் கடைசியில் ‘நாலு ஓட்டைக்கு ஆளா’ என்ற வாய் மேல்தான். அந்த வாய்க்கு அன்றைக்குக் கிடைத்தது சரியான தீனிதான் என்று தோன்றியது.

மூன்றாம் நாள், யாரோ சொல்லி, மோட்டார் பழுது பார்க்கும் அக்காவைத் தேடிப் போனான். சந்துக்குள் ஒற்றை அறை. கருகிய கம்பிச்சுருளின் வீச்சம். தரை முழுக்க மசகெண்ணெய், செருப்பு ஒட்டி ஒட்டி எழுந்தது. மூலையில் செத்த டிரில்கள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்துகிடந்தன. அக்கா ஒரு மெஷினின் வயிற்றைப் பிளந்து, கருப்பாக நாறிப்போன கிரீஸை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, வீட்டு வேலைக்கு, விலை கட்டுப்படியாகுற மாதிரி எந்த ரோட்டரி ஹேமர் வாங்கலாம்? மூணு நாளா யாருமே நேராச் சொல்ல மாட்டேங்கறாங்க.”

“எத்தனை ஓட்டை?” அக்கா நிமிரவில்லை.

“நாலு.”

“என்ன சுவரு?”

“பாத்ரூம் சுவரு.”

“அது ரூமோட பேரு. சுவரு என்னன்னு கேட்டேன். தூளு என்ன கலர்ல வந்துச்சு?”

“முதல்ல சாம்பல். அப்புறம்…”

“அப்புறம்?”

“அப்புறம் வேற கலர்க்கா.”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். கதையைக் கேட்டதும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, கிரீஸ் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“சாம்பல்னா காங்கிரீட் தூணு. செங்கல்னா தூளு சிவப்பா வரும். தூணும் குழாயும் இருக்கிற பக்கம் போய் ஏன் போட்டீங்க?”

“கைப்பிடி வந்த பெட்டி மேல, படத்துல அப்படித்தான் இருந்துச்சு. அங்கதான் பாக்க அழகாவும் இருந்துச்சு.”

“கைப்பிடி யாருக்கு?”

“மாமியாருக்கு.”

“எந்தக் கையால பிடிப்பாங்க?”

கண்ணாடிக்காரன் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்ன எடை இருப்பாங்க?”

“மாமியாரோட எடையை மாப்பிள்ளை எப்படிக்கா கேக்கிறது?”

“கேக்காம ஓட்டை மட்டும் போடலாமாக்கும்?” அக்கா குவியலைக் காட்டினார். “அதுல பாதி, அழுத்தி அழுத்தியே செத்தது. இந்த மெஷினை அழுத்தவே கூடாது, சும்மா பிடிச்சாப் போதும், அதுவே அடிச்சுக்கும். மீதி, வாட் நம்பரைப் பாத்து ஏமாந்தவங்க வாங்கினது. வாட்டை விடுங்க. ஒரு அடி எவ்வளவு பலமா விழுதுங்கறதை ஜூல்னு போட்டிருப்பான், வீட்டுக்கு ரெண்டு, ரெண்டரை இருந்தாத் தாராளம். பிட்டு, அதான் துளைக்கிற கம்பி, சுவருக்குள்ள மாட்டிக்கிட்டா உங்க மணிக்கட்டைத் திருகாம இருக்கக் கிளட்ச் இருக்கணும். சுத்தியல் அடியை நிறுத்திட்டு வெறுமனே சுத்த விடுற வசதியும் வேணும். டைல்ஸ்ல எடுத்ததும் அடிச்சீங்கன்னா விரிஞ்சிரும்.”

“சரிக்கா, அப்ப எது?” பர்ஸைக் கையிலேயே வைத்திருந்தான்.

அக்கா அலமாரியில் விற்பனைக்கு வைத்திருந்த இரண்டு மெஷின்களைக் காட்டினார். “தூணுல போடறதா இருந்தா அந்தப் பெரிசு. செங்கல்னா இந்தச் சின்னது, பாதி விலை, பத்து வருஷம் உழைக்கும். எந்தச் சுவருன்னு தெரியாம ரெண்டையும் தரமாட்டேன். நீங்க போய் இன்னொரு குழாயைப் பொளப்பீங்க. பர்ஸை உள்ள வைங்க. அந்தம்மாவைக் கேட்டுட்டு வாங்க.”

வீட்டில் மனைவி வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அத்தை கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டியவர். மடிப்பில் மயிரிழை பிசகாது. குழாய்க்காரர் புதுக் குழாய் வைத்தும், குளியலறை நாற்றம் கூடத்தில் சோம்பலாக உலாவிக்கொண்டிருந்தது.

“அத்தை, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தக் கைப்பிடி…”

“அதெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை. உங்களுக்குத்தான் சிரமம்.”

“எந்தப் பக்கம் வேணும்னு மட்டும் சொல்லுங்க.”

“எங்க வெச்சாலும் சரி.”

“எந்தக் கைன்னாவது…”

“அவ வரட்டும், அவகிட்ட சொல்றேன்.” பேச்சு முடிந்தது என்பதுபோல் ஒரு தலையணை உறையை உதறினார். கட்டிலோரம் டம்ளர் நிறையத் தண்ணீர். அதில் ஒரு கொசு மிதந்தது.

கண்ணாடிக்காரனுக்கு அந்தக் கொசுவைப் பார்த்ததும் ஏதோ அறுந்தது. நாற்றமும், ஸ்டிக்கரும், ‘பொறுத்தது சார்’களும் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தன.

“அத்தை, அன்னைக்கு அது என் வாய்க்குள்ளயே போயிருச்சு. முழுங்கினேனா துப்பினேனான்னு எனக்கே தெரியல. இதுக்கு மேலயும் நமக்குள்ள என்ன மரியாதை?”

அத்தை நிமிர்ந்தார். உறையை மடியில் போட்டார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் கட்டிலே குலுங்கியது. இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதத்தில் அவர் சிரித்து இவன் பார்த்ததில்லை. வெடித்த உதட்டில் வலித்திருக்க வேண்டும், புறங்கையால் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“சீ, கருமம்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்கு நடந்தார். இவன் பின்னாலேயே போனான். சுவரைத் தடவிய கை இடது கை. நாள் பூராவும் அடுத்தவர் கண்ணுக்குள் எட்டிப்பார்க்கிறவன், மூன்று மாதமாக இதைப் பார்க்கவில்லை.

அத்தை கழிப்பறைப் பீங்கானுக்கு முன்னால் திரும்பி நின்று, இவன் குதறிவைத்த சுவரை முகத்தைச் சுளித்துப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் நீங்க தங்கத்துலயே போட்டாலும் எனக்கு ஆகாது மாப்பிள்ளை. வலது தோளு தூக்கவே வராது. கத்திரி பிடிச்சே தேஞ்சு போச்சு.” இடது உள்ளங்கையை எதிர்ச்சுவரில் பதித்தார். பக்கத்தில் பழைய ஆணி பிடுங்கிய குழி. அதன் வாயில் சிவப்புத் தூள். “இங்க வேணும். படுக்க வெச்சுப் போடாதீங்க, சாய்வாப் போடுங்க. உக்காரும்போது கீழ பிடிப்பேன், எந்திரிக்கும்போது மேல. தண்ணி குடிக்காததும் இதுக்குத்தான். எந்திரிக்க முடியாம உள்ளயே உக்காந்துட்டு, உங்களைக் கூப்பிடற மாதிரி ஆயிருமோன்னு பயம்.”

அவன் தலையாட்டினான். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. “கடைக்கார அக்கா… எடை கேட்டாங்க அத்தை. ஸ்க்ரூ தாங்கணும்ல.”

அத்தை வாசல் பக்கம் ஒரு முறை எட்டிப்பார்த்துக்கொண்டார்.

“எழுபத்தெட்டு கிலோ. உங்க பொண்டாட்டிகிட்ட எழுபதுன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்.”