விட்டுப்போன வரி

என் மனைவி சத்யா பேசும்போது நான் டைப் அடித்துக்கொண்டிருந்ததைக் கவுன்சலர் மேடம் மூன்றாவது வாரம்தான் கண்டுபிடித்தார். லேப்டாப் கேமராவில் கழுத்துக்கு மேல்தான் தெரியும் என்ற தைரியத்தில் இருந்தேன். சத்தம் கேட்கும் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

"இளவரசு, என்ன டைப் பண்றீங்க?"

"ஒன்னும் இல்லைங்க மேடம். அவ சொல்றத எடுத்துக்கிறேன்."

சத்யா சிரித்தாள். சந்தோஷத்தில் வந்த சிரிப்பல்ல. "பாத்துக்குங்க மேடம். ஏழு வருஷமா இதே கததான்."

நான் கடலூரில் ஒரு நீதிமன்றத்தில் தட்டச்சர். பன்னிரண்டு வருடங்களாகச் சாட்சிகள் சொல்வதை அடித்துக்கொண்டிருக்கிறேன். சாட்சி கூண்டில் நின்று கால்மணி நேரம் தன் பாட்டைச் சொல்வார். நீதிபதி அதை நாலு வாக்கியமாக்கிச் சொல்வார். அந்த நாலை மட்டும் நான் அடிப்பேன். வக்கீல் 'இப்படித்தானே நடந்தது' என்று கேட்டதைச் சாட்சி மறுத்தால், 'என்று சொன்னால் சரியல்ல' என்று முடிப்போம். அழுகை, இருமல், மூக்குச் சிந்தல் எதுவும் பேப்பரில் ஏறாது. கடைசியில் படித்துக் காட்டி, சரி என்று சாட்சி ஒப்புக்கொண்டால் கையெழுத்து வாங்குவோம். இந்த வேலையை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன் என்பது சத்யாவின் குற்றச்சாட்டு. கொண்டுவந்தேன் என்று சொன்னால் சரியல்ல என்று நானும் ரொம்ப நாள் சாதித்துக்கொண்டிருந்தேன்.

அவள் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தவள், உண்டானதும் குலுக்கல் வேண்டாம் என்று அங்கேயே அவள் அம்மா வீட்டில் தங்கினாள். ஐந்தாம் மாதம் கரு கலைந்தது. உடம்பு தேறிய பிறகும் திரும்பி வரவில்லை. ஏன் என்று கேட்டால் "ஒன்னும் இல்ல" என்பாள். இப்படியே ஏழு மாதம் ஓடிவிட்டது. அவளோடு வேலை பார்க்கும் டீச்சர் யாரோ சொல்லித்தான் இந்த ஆன்லைன் கவுன்சலர் கிடைத்தார். பெயர் அருள்மொழி, சென்னையில் இருக்கிறார். சனிக்கிழமை பதினோரு மணி, முக்கால் மணி நேரம். முதல் நாளே சத்யா கறாராகச் சொல்லிவிட்டாள்: "நாலு வாரம் பேசிப் பாக்கறேன் மேடம். அப்பவும் இப்படியேதான்னா ரெண்டு பேரும் சேந்து விவாகரத்து மனு போட்டுக்குறோம்." அந்த மனுக்கள் எவ்வளவு சுலபமாக முடியும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பெயர் போட்ட தீர்ப்பை என் பக்கத்து மேஜைக்காரர்தான் அடிக்க வேண்டியிருக்கும். எனக்கு அவள் வேண்டும். அதை யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும்தான்.

நாலாவது சனிக்கிழமை கீபோர்டைத் தொடக் கூடாது என்று கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் சத்யாவின் கட்டத்தில் ஓர் ஓரமாக என் மாமியார் ராஜாமணியின் கை மட்டும் வந்து காபி டம்ளரை வைத்துவிட்டுப் போனது. கை போன பிறகும் ஆள் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. "கதவைச் சாத்திக்கலாமா சத்யா?" என்றார் மேடம். அவள் எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

"இன்னைக்கு ஒரு சின்ன பயிற்சி. சத்யா அஞ்சு நிமிஷம் பேசுவாங்க. இளவரசு, குறுக்க பேசாம கேளுங்க. அப்புறம் கேட்டத அப்படியே திருப்பிச் சொல்லுங்க. உங்க பக்க நியாயம் எதுவும் வேண்டாம்."

மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். எனக்குப் போய் இந்தப் பரீட்சையா?

சத்யா தொண்டையைச் செருமினாள். "அன்னைக்கு ரெண்டரைக்கே வலி ஆரம்பிச்சிடுச்சி. ஸ்டாஃப் ரூம்லேருந்து அம்மாவுக்குப் போன் பண்ணேன். ஆட்டோ வச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வழியிலயும் அடிச்சேன், அங்க போயும் இவருக்கு அடிச்சேன். பதினோரு தடவ. எடுக்கல. எல்லாம் முடிஞ்சிடுச்சி. ஏழு மணிக்கு வந்தாரு. கட்டில் பக்கத்துல நின்னாரு. கையக்கூட தொடல. 'எத்தன மணிக்கு ஆச்சி?'ன்னு கேட்டாரு. வாயத் தொறந்து கேட்ட மொத வார்த்த அதான் மேடம். நான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன்."

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் ஆரம்பித்தேன். கோர்ட்டில் படித்துக் காட்டுகிற அதே குரல்தான் வந்தது, மாற்றத் தெரியவில்லை. ரெண்டரை மணி, ஸ்டாஃப் ரூம், ஆட்டோ, பதினோரு தடவை. அவள் வைத்த வரிசை பிசகாமல், அவள் சொன்ன வார்த்தையிலேயே சொல்லிக்கொண்டு போனேன். "ஏழு மணிக்கு வந்தாரு. கட்டில் பக்கத்துல நின்னாரு. கையக்கூட தொடல. நான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன்." முடித்துவிட்டு, பழக்க தோஷத்தில், "சரியா?" என்றும் கேட்டுவிட்டேன்.

"ஒன்ன விட்டுட்டீங்க" என்றாள் சத்யா.

சுருக்கென்றது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு வரி விட்டேன் என்று என்மேல் புகார் வந்ததில்லை. மறுத்துப் பேச வாயெடுத்தேன். அதற்குள் எது விட்டுப்போனது என்று தெரிந்துவிட்டது.

"எதுன்னு தெரியுதா இளவரசு?" என்றார் மேடம்.

தெரிந்தது. சொல்ல வரவில்லை. வாயைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். சத்யா திரைக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். "நெட் நின்னுடுச்சா? அசையவே காணோம்."

"இல்ல. இருக்கேன்."

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "எத்தன மணிக்கு ஆச்சின்னு கேட்டேன்" என்றேன். சொன்னதும் வெட்கமாக இருந்தது. பயிற்சியில் இல்லாததெல்லாம் வந்தது. "போன் டிராயர்ல கெடந்துச்சி. ரெண்டு தடவ வெளிச்சம் வந்தத பாத்தேன், சத்யா. கூண்டுல சாட்சி நிக்கும்போது எப்படி எழுந்திரிக்கிறதுன்னு டிராயர மூடிட்டேன். கோர்ட் முடிஞ்சி எடுத்தப்பதான் அத்த விஷயத்தச் சொன்னாங்க. பஸ்ல வரும்போது அதே நெனப்புதான். அது போன நேரத்துல நான் எந்த வரிய அடிச்சிக்கிட்டிருந்தேன்னு தெரிஞ்சிக்கணும்போல இருந்துச்சி. அதான் கேட்டேன். வேற எதுவும் கேக்கத் தெரியல."

நேரம் முடிந்ததாகத் திரையில் எழுத்து ஓடியது. "நான் கிளம்பறேன். நீங்க ரெண்டு பேரும் வேணும்னா லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு மேடம் வெளியேறினார். மூன்று கட்டம் இரண்டாகி, அவள் முகம் பெரிதானது. அவள் பேசிக்கொண்டிருந்த போன் சரிந்திருந்ததால் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும்தான் தெரிந்தன.

"நாலு பத்து" என்றாள்.

அன்றைய சாட்சியத்தை நான் பல தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். வரப்புத் தகராறில் அடிதடி வழக்கு, காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயி ஒருவர் சாட்சி. நாலு மணி அடிக்கும்போது குறுக்கு விசாரணை தொடங்கியது. நாலு பத்துக்கு அதன் முதல் பக்கத்தின் அடிப்பகுதியில் இருந்திருப்பேன்.

"அப்ப என்னா அடிச்சிக்கிட்டிருந்தீங்க?"

சொன்னேன். "வரப்பின் மேல் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. அது யாருடையது என்று எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் விசாரிக்கவில்லை."

அவள் கை திரையை நோக்கி வந்தது. சிவப்புப் பொத்தானைத் தொடத்தான் வருகிறது என்று நினைத்தேன். சரிந்திருந்த போனை எடுத்து, திருத்தாமல் கிடந்த பரீட்சைப் பேப்பர் கட்டின்மேல் நிமிர்த்தி வைத்தாள்.