பேச்சித்தாய் கிணற்றுக்கு மேற்கே

எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர் என்றால் அது பேச்சித்தாயின் கிணறுதான். மற்றக் கிணறுகளில் ஊறுவதைக் கொண்டு கருவாட்டுக்கு உப்புப் போடலாம். அவள் கிணறு செம்மணல் மேடான தேரியின் அடியில் இருப்பதால் தண்ணீர் இனிக்கிறது. அதற்கு ஆபத்து வந்ததும் அந்தத் தேரியால்தான். ஆடிக் காற்று வருஷா வருஷம் மணலைப் பத்துப் பன்னிரண்டு அடி கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். அவள் புருஷன் இருந்தபோது கிணற்றுக்கு மேற்கே முருங்கைத் தோட்டம் இருந்தது. எழுபத்தாறாம் வருஷம் பார்த்தால், மணலுக்கும் கிணற்றுக்கும் நடுவே பன்னிரண்டு அடிதான் மிச்சம்.

கிணறு மூடினால் பேச்சித்தாய் தூத்துக்குடியில் மகனோடு போய் இருக்க வேண்டியதுதான். மகன் சிவனணைந்தபெருமாள் புதுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். தங்கமான பையன். மருமகள் அருணாசலவடிவும் தங்கம்தான், தனியாக இருக்கும்போது. போன தடவை மாமியார் ஒரு வாரம் இருக்கப் போய் ஒன்றரை நாளில் பஸ் ஏறிவிட்டாள்.

அந்த ஆவணியில்தான் நாசரேத்திலிருந்து ஜேசுபாதம் சார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஓய்வு பெற்ற அறிவியல் வாத்தியார். மரம் வளர்க்க ஒரு சங்கம் வைத்திருந்தார். ஞாயிறு சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் துணிப்படத்தைத் தொங்கவிட்டு, குடும்பத்தோடு வரச் சொல்லி வகுப்பு எடுத்தார். ஆரம்பத்தில் ஜெபம் உண்டு. அப்போது மட்டும் ஊர்ப் பெரியவர் நயினார் அண்ணாச்சி கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொள்வார், சுடலைமாடன் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று.

"முன்ன இந்தத் தேரி பூரா உடைமரமும் பனையுமா காடா கெடந்தது. விறகுக்கும் சூளைக்கும் வெட்டித் தீத்தோம். இப்ப பிடிச்சு வைக்க வேர் இல்ல, மணலு நடந்து வருது," என்றார் சார்.

முப்பத்திரண்டு வீடு. வீட்டுக்கு நாற்பது பனங்கொட்டை. தேரிச் சரிவில் வீட்டுக்கு ஒரு வரிசை, வரிசை முனையில் பேர் எழுதிய குச்சி. புரட்டாசியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஊரே நட்டது. ஆடு விடக் கூடாது என்றார் சார். மிதிக்கக் கூடாது என்றார். கிழங்கைத் தோண்டக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு படித்தவருக்கு அது தோன்றவில்லை. எங்களுக்கோ, பனங்கொட்டையை மண்ணில் போட்டால் பொங்கலுக்குக் கிழங்கு. மரம் என்பது யாரோ தோண்ட மறந்த கொட்டையிலிருந்து தானாக வருவது. மரத்துக்கென்று கொட்டை போட்டவர் எங்கள் ஊரில் பிறக்கவே இல்லை.

மார்கழிக் கடைசியில் நயினார் அண்ணாச்சி சம்சாரம் இசக்கித்தாய் முதல் குழியைத் தோண்டினாள். மகளுக்குத் தலைப்பொங்கல், பொங்கல்படிச் சீர் அனுப்ப வேண்டுமே. மறுநாள் மத்தியானத்துக்குள் சரிவு முழுக்கக் குழி. எங்கள் வீட்டு வரிசையை யார் தோண்டியது என்று கேட்காதீர்கள், அன்று எனக்குத் தலைவலி. பேச்சித்தாய் வரிசை மட்டும் தப்பியது. மருமகளுக்குப் பிரசவம் என்று அவள் தூத்துக்குடி போயிருந்தாள். ஊரில் இருந்திருந்தால் அவளும் தோண்டியிருப்பாள் என்பது என் அபிப்பிராயம்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை சார் வந்தார். மஞ்சள் போட்டு அவித்த கிழங்கை இசக்கித்தாய் தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தாள். சார் நார் உரித்து, ஒடித்து, இரண்டு தின்றார்.

"நல்ல மாவாட்டு இருக்கே. எங்கன வெளஞ்சது?"

"நம்ம தேரியிலதான் சார். நீங்க சொன்னாப்புல தள்ளித் தள்ளிப் போட்டோம்லா, ஒண்ணொண்ணும் ஒரு முழம்."

மூன்றாவது கிழங்கைச் சார் தட்டிலேயே வைத்துவிட்டுத் தேரிக்கு நடந்தார். மத்தியான பஸ்ஸில் வந்திருந்த பேச்சித்தாய், குழிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"சார், கொட்டை இனி எப்பக் கெடைக்கும்?"

"ஆடி கழிஞ்சுதான்."

"காத்து?"

"அதுக்கு முன்ன." சார் குனிந்து ஒரு குழியில் கையை விட்டுப் பார்த்தார். "குழிக்கு ஒரு ஓலை மட்டைய நட்டா, ஒரு காத்துக்கு மணல் நிக்கும். ஆனா எல்லா வீடும் நடணும். யாரு நடுவா?"

மறுநாள் விடியற்காலை குடத்தோடு போனோம். கிணற்றில் கப்பியும் இல்லை, கயிறும் இல்லை. வாயை உடைமுள் போட்டு மூடி, பக்கத்தில் பேச்சித்தாய் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏளா, தண்ணிய மறிக்கது பாவம்லா?" என்றாள் இசக்கித்தாய்.

"பாவந்தான். ஒன் வரிசையில எத்தன குழி?"

"நாப்பது."

"நாப்பது மட்ட. நட்டுட்டு வா, நானே இறைச்சு ஊத்துதேன்."

"நா என்ன, வேணும்னா செஞ்சேன்? சாரே ரெண்டு தின்னாரு."

"அவரும் ரெண்டு நடட்டும்."

நயினார் அண்ணாச்சி ஊர்க்கூட்டம் கூட்டப் போவதாகச் சொன்னார். அன்று சாயங்காலம் வீட்டில் உப்புத் தண்ணீரில் காப்பி கொடுத்தார்கள். மறுநாள் காலை முதல் ஆளாக மட்டைக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். வாரத்துக்குள் சரிவு முழுக்க ஓலை நின்றது. ஞாயிற்றுக்கிழமை சார் வந்து, ஜெபத்துக்கு முன்னால் இரண்டு மட்டை நட்டார்.

ஆடியில் காற்று வந்தது. மணல் ஓலைகளில் முட்டி இடுப்பளவு குவிந்தது. கிணற்றுப் பக்கம் நாலடி மட்டும் இறங்கியது. கிணறு பிழைத்தது.

ஆவணி வகுப்பில் சார் படத்தை விரிப்பதற்குள் பேச்சித்தாய் எழுந்தாள். "இந்தத் தடவ இடத்துக்கு ரெண்டு கொட்ட. ஒரு முழம் தள்ளிப் போடணும். கிழக்க உள்ளது வீட்டுக்கு, மேக்க உள்ளது மணலுக்கு. திங்காதன்னா நம்ம ஆளுக கேக்காது சார்." சார் யோசித்துவிட்டு, நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

அடுத்த பொங்கலுக்குத் தோண்டும்போது பேச்சித்தாய் கம்போடு சரிவில் நின்றாள். இசக்கித்தாய் வரிசையில் மூன்று இடத்தில் கிழக்கும் காலி, மேற்கும் காலி.

"எலி தின்னுட்டு," என்றாள் இசக்கித்தாய்.

"எலி அவிக்க ஒங்க வீட்டு மஞ்சளா கேட்டுச்சு?"

இசக்கித்தாய் வீட்டுக்குப் போய் மூன்று மட்டை எடுத்து வந்தாள். அவள் நட்டு முடிக்கும் வரை பேச்சித்தாய் கிணற்றுக் கயிற்றைத் தோளிலேயே போட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கிணற்றடிக்குப் போய், முதலில் இசக்கித்தாய் குடத்தைத்தான் நிரப்பினாள்.